“சட்டப்படி சரிதானுங்க சார்?” – ஓர் ஆலைத் தொழிலாளியின் இணையச் சூதாட்டமும் முடக்கப்பட்ட சம்பளக் கணக்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

கோவை மண்டலத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஒரு நூற்பாலையில் 2025ஆம் ஆண்டில் நடந்த நிகழ்வு இங்கே பதிவு செய்யப்படுகிறது. ஆலையின் நல அலுவலர் என்ற முறையில் தொடக்கம் முதல் இதில் ஈடுபட்டிருந்தேன். சம்பந்தப்பட்ட தொழிலாளியும் அவருடைய மனைவியும் எழுத்து மூலம் சம்மதம் தந்த பிறகே இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன அல்லது விடப்பட்டுள்ளன. செயலிகள், வங்கிகள், கடன் கொடுத்தவர்கள் ஆகியோரின் பெயர்களும் இல்லை. தொழிலாளர் நலம், கூட்டுறவுக் கடன், ஆற்றுப்படுத்தல் ஆகிய துறைகளில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது இது. சட்டம் பற்றி இங்கே சொல்லப்படுபவை இந்நிகழ்வைப் புரிந்துகொள்ளத் தேவையான அளவுக்கு மட்டுமே.

பின்னணி

தொழிலாளி முப்பதுகளின் இறுதியில் இருப்பவர், ஐ.டி.ஐ. முடித்தவர், பராமரிப்புப் பிரிவில் நிரந்தர எலக்ட்ரீஷியன். பிடித்தம் போகக் கையில் கிடைப்பது ஏறக்குறைய 28,000 ரூபாய். மனைவி பனியன் நிறுவனம் ஒன்றில் தையல் வேலை செய்கிறார். பள்ளியில் படிக்கும் இரண்டு மகள்கள். குடிப்பழக்கம் இல்லை. வேலையில் எந்தக் குற்றச்சாட்டும் அதுவரை இல்லை. இரவில் எந்த இயந்திரம் நின்றாலும் முதலில் அழைக்கப்படுபவர் அவர்தான்.

அவருடைய பழக்கம் ரம்மியில் தொடங்கவில்லை. 2020 ஐ.பி.எல். போட்டியின்போது பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் மாலை ‘டீம்’ பகிரப்பட்டது; அதாவது, அன்றைய போட்டியின் வீரர்களைத் தேர்ந்து செயலியில் பணம் கட்டி அமைக்கும் கற்பனை அணி, ‘ஃபேன்டஸி’ ஆட்டம். யாரை கேப்டனாகப் போடலாம், எந்தப் பந்துவீச்சாளரை விடலாம் என்ற விவாதம் தேநீர் இடைவேளையை நிரப்பியது. நுழைவுக் கட்டணம் 49 ரூபாய். குழுவில் மேற்பார்வையாளர்கள் இருவர் இருந்தனர். ஒரு துணை மேலாளரும் இருந்தார். இதைச் சூதாட்டம் என்று அங்கே எவரும் சொன்னதில்லை. தொலைக்காட்சியில் கிரிக்கெட் வீரர்களும் நடிகர்களும் விளம்பரம் செய்தார்கள். 2023 முதல் 2025 வரை இந்திய அணியின் சட்டையிலேயே அத்தகைய நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தது. சீட்டுக்கட்டை எடுத்து ஆலை வளாகத்தில் உட்கார்ந்திருந்தால் நிலையாணைப்படி (ஆலையின் பணி விதிகளின்படி) ஒழுங்கு நடவடிக்கை வந்திருக்கும். கைபேசியில் பணம் கட்டி அணி அமைத்தவர்களுக்கு மேற்பார்வையாளர் யோசனை சொன்னார்.

ஐ.பி.எல். முடிந்ததும் அதே கைபேசிக்கு ரம்மி செயலியின் வரவேற்புத் தொகை வந்தது. ரம்மி இவருக்குப் புதிதல்ல. கொங்குப் பகுதியில் பொங்கலுக்கும் கல்யாண வீட்டிலும் ஆடாதவர் குறைவு.

சட்டம் மாறிய வரிசையும் அது அவரை எட்டிய விதமும்

அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் 34ஆம் இனமாக உள்ளன. தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் திறமை சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967இல் ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னால் வந்த வழக்குகள் பலவும் இந்த ஒரு வரியைச் சுற்றியே நடந்தன.

2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டத்தின் மூலம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. அது அடுத்த ஆண்டு திருத்தச் சட்டமானது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்றது. 2022இல் நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு அறிக்கை தந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவசரச் சட்டமும் மசோதாவும் வந்தன. ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதும், ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில் மாநில இணைய விளையாட்டு ஆணையம் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது: ஆதார் வழிச் சரிபார்ப்பு, பதினெட்டு வயதுக்குக் கீழ் தடை, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது. இவற்றை 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

இந்த வரிசை முழுவதும் அவரை எட்டியது செயலியின் குறுஞ்செய்திகள் வழியாகத்தான். முதல் தடையின்போது, “உங்கள் மாநிலத்தில் அனுமதி இல்லை” என்று திரையில் வந்தது. 2021 தீர்ப்புக்குப் பின், திரும்பி வந்ததைக் கொண்டாடச் சலுகைத் தொகை வந்தது. அவர் சொன்னது: “கோர்ட்டே சரின்னு சொல்லிப்போட்டுதுங்க சார். அப்பறம் நாம தப்புன்னு நினைக்கறது எப்படிங்க?” நீதிமன்றம் ஆராய்ந்தது அரசுக்கு அப்படித் தடை செய்யும் அதிகாரம் உண்டா, அந்தச் சட்டம் அளவுக்கு மீறியதா என்பதை. 28,000 சம்பளக்காரர் மாதம் 15,000 கட்டி ஆடலாமா என்ற கேள்வி எந்த நீதிமன்றத்தின் முன்னும் இல்லை. ஆனால் தீர்ப்பின் பயன் அவருடைய வீட்டுக்குள் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

2025 ஏப்ரல்: கடன் விண்ணப்பம்

பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் அவருக்கு ஏற்கெனவே 2,10,000 ரூபாய் கடன் நிலுவை இருந்தது. வீட்டுப் பழுதுபார்ப்புக்கு என்று மேலும் 1,50,000 கேட்டு விண்ணப்பித்தார். முந்தைய கடனுக்கு ஜாமீன் போட்டிருந்த மூத்த ஃபிட்டர் இம்முறை கையெழுத்துப் போட மறுத்ததோடு, சங்கச் செயலாளரிடம் வந்து, பிரிவில் பாதிப் பேரிடம் இவர் கைமாற்று வாங்கியிருக்கிறார் என்று சொன்னார். செயலாளர் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டு விட்டிருக்கலாம். அவர் அதை நல அலுவலகத்துக்கு அனுப்பினார். இந்நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகவும் பயன்பட்டது இதுதான் என்பது என் கருத்து.

கவனித்தவை

முதல் சந்திப்பில் அவர் மறுக்கவில்லை, மறைக்கவும் முயலவில்லை. ஒருவர் பெயரில் பிடிக்கப்பட்ட வருமான வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ் நகலை மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு விளையாட்டு நிறுவனம் 1,14,000 ரூபாய் நிகர வெற்றித் தொகைக்கு 34,200 ரூபாய் வரி பிடித்திருந்தது. “ஜெயிச்சதுக்கு கவர்மென்டே வரி புடிச்சிருக்குதுங்க. தப்பான காசுக்கு வரி புடிப்பாங்களா?” என்று கேட்டார்.

2023 ஏப்ரல் முதல் இணைய ஆட்டங்களில் ஒருவர் பெறும் நிகர வெற்றித் தொகையில் 30 விழுக்காடு மூலத்திலேயே பிடிக்கப்பட்டது. இந்தக் கணக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி. ஒன்றில் தோற்றதை மற்றொன்றில் ஜெயித்ததிலிருந்து கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே அந்தத் தாளில் ஒரு செயலியின் வெற்றி மட்டும் தெரிந்தது. அதே நிதியாண்டில் வேறு இரண்டு செயலிகளில் அவர் இழந்தது ஏறத்தாழ 2,90,000 என்பதை வங்கிக் கணக்கு அறிக்கையை வரிவரியாகக் கூட்டிய பிறகே கண்டோம். அந்தத் தொகை எந்த அரசுப் படிவத்திலும் இல்லை. 2023 அக்டோபரிலிருந்து கட்டும் தொகை முழுவதற்கும் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. இருந்ததும், போட்ட 100 ரூபாயில் ஏறத்தாழ 22 ரூபாய் வரிக்கே போனதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. செயலி அந்தத் தொகையைப் போனஸ் என்ற பெயரில் திரையில் திருப்பிக் காட்டியது.

கணக்கு அறிக்கை காட்டிய மற்றொன்று நேரம். அரை நைட் ஷிப்டு வாரங்களில்தான் பணம் போயிருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து வீடு சேர்ந்ததும், வீட்டார் தூங்கிய பிறகு 500, 500, 1,000 என்று மூன்று மணி வரை தொடர்ந்த வரிகள். பகல் ஷிப்டு வாரங்களில் அநேகமாக எதுவும் இல்லை. சம்பளம் வந்த நான்காம் நாளில் இருப்பு மூன்று இலக்கத்துக்கு இறங்கியிருந்தது.

மார்ச் மாதத்திலிருந்து அறிக்கையின் முகமே மாறியிருந்தது. அதுவரை நிறுவனத்தின் பெயருக்குப் போன பணம், இப்போது ஏதோ ஒரு டிரேடர்ஸ், ஏதோ ஒரு ஸ்டோர், சில தனிநபர்கள் என்று சிதறிப் போனது. கேட்டபோது சொன்னார்: “பன்னெண்டு மணியானா இது பூட்டிக்குதுங்க சார். அதனால டெலிகிராம்ல ஒண்ணு.” வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளம், அதற்கு ஒரு ஏஜெண்டு, ஒவ்வொரு முறையும் வேறொரு க்யூஆர் குறி. நள்ளிரவுத் தடை பலருக்கு நன்மை செய்திருக்கலாம். நள்ளிரவில்தான் வேலை முடிகிறது என்ற நிலையில் இருந்த இவரை அது வேறு வாசலுக்கு அனுப்பியது.

முதல் கட்ட முடிவுகளும் காரணங்களும்

புதிய கடன் தரப்படவில்லை. கடன் கொடுத்துக் கடனை அடைக்க வைப்பது சங்கங்களில் வழக்கம்தான். ஆனால் கையில் வரும் எந்த ரொக்கமும் முதலில் செயலிக்கே போகும் என்பதை அறிக்கை காட்டியது.

ஒழுங்கு நடவடிக்கை வேண்டும் என்று நிர்வாகத்தின் ஒரு பகுதி விரும்பியது. ஷிப்டு நேரத்திலும் சில பரிமாற்றங்கள் இருந்ததால் அதற்கு இடம் இருந்தது. அந்தக் கூட்டத்தில்தான் துணை மேலாளர், “ஃபேன்டஸி வேறு, ரம்மி வேறு” என்று வாதிட்டார். இரண்டும் பணம் கட்டி ஆடுவதுதானே என்று கேட்டபோது, ஒன்று கிரிக்கெட் அறிவு, மற்றொன்று சூது என்றார். ரம்மி திறமை ஆட்டம் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது அவருக்குப் புதிய செய்தி. ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால் குழுவில் இருந்த அத்தனை பேரையும் விசாரிக்க வேண்டும் என்று நல அலுவலகம் எழுத்தில் பதிவு செய்தது. நடவடிக்கை கைவிடப்பட்டது. குழுவைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையை நிர்வாகம் ஏற்கவில்லை. வேலை நேரத்தில் கூடாது என்ற சுற்றறிக்கையோடு நிறுத்திக்கொண்டது. குழுவும் அதே பெயரில் தொடர்ந்தது.

மனைவி இல்லாமல் கடன் பட்டியல் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். அவர் சம்மதிக்க ஒரு வாரம் ஆனது. பட்டியல் இப்படி வந்தது: சங்கக் கடன் 2,10,000; நகைக்கடன் 1,60,000; நான்கு கடன் செயலிகளில் 85,000; வாரவட்டிக்காரரிடம் 60,000; சக தொழிலாளர்கள் ஒன்பது பேரிடம் கைமாற்று 47,000. மொத்தம் 5,62,000. மனைவிக்குத் தெரிந்திருந்தது சங்கக் கடனும் நகைக்கடனில் ஒரு பகுதியும் மட்டுமே. அவர் அழவில்லை. தாலிக்கொடி எந்த வங்கியில் இருக்கிறது, வட்டி கட்டக் கடைசித் தேதி என்ன என்ற இரண்டை மட்டும் கேட்டுத் தன் பையிலிருந்த பழைய சீட்டின் பின்புறம் குறித்துக்கொண்டார்.

அதே வாரம் ஜாமீன்தாரர் வந்து, சூதாட்டக் கடன் சட்டப்படி செல்லாது, ஆகவே தன் ஜாமீனும் செல்லாதல்லவா என்று கேட்டார். இந்த எண்ணம் பரவலாக இருப்பதால் விளக்கம் அவசியம். ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. ஜெயித்த தொகையைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்பது அதன் பொருள். சங்கத்திடம் வாங்கியது பந்தயம் அன்று, கடன். வாங்கியவர் அதை எங்கே தொலைத்தார் என்பது சங்கத்தின் உரிமையையோ ஜாமீன்தாரரின் பொறுப்பையோ மாற்றாது. ஆகையால் ஜாமீன்தாரர் சம்பளத்தில் கை வைக்கும் நிலை வராதபடி கடன் தவணையை நீட்டித்துக் கொடுக்கச் சங்கத்திடம் கேட்கப்பட்டது, சங்கம் ஏற்றது.

வாரவட்டிக்காரரிடம், 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டித் தொழிற்சங்கத் தலைவர் நேரில் பேசினார். அசல் மட்டும் மாதத் தவணையில் என்று முடிந்தது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மே மாதத்தில் அனுப்பினோம். சூதாட்டக் கோளாறு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய் வகைப்பாட்டில் இடம்பெற்ற ஒன்று. மனவலிமைக் குறைவு என்று ஒதுக்க வேண்டியதன்று. மருத்துவர் முதலில் தூக்கத்தைச் சீர்செய்தார். அவருடைய கடிதத்தின் பேரில் ஆறு மாதத்துக்கு அரை நைட் ஷிப்டிலிருந்து விலக்கு தரப்பட்டது. யு.பி.ஐ. தினசரி வரம்பு 2,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டது.

2025 ஆகஸ்ட்: தடைக்குப் பின்

ஆகஸ்ட் 20 அன்று மக்களவையும் 21 அன்று மாநிலங்களவையும் இணைய விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை மசோதாவை நிறைவேற்றின. 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய பிரிவினையே இதில் இல்லை. பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய ஆட்டம் எதுவானாலும் தடை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்கு உதவும் நிறுவனங்களுக்கும் தண்டனை உண்டு. பெரிய செயலிகள் சில நாட்களிலேயே பண ஆட்டங்களை நிறுத்தின. எதிர்த்துப் போடப்பட்ட வழக்குகள் செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

செயலியில் மிஞ்சியிருந்த 3,100 ரூபாயை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். பிரிவின் வாட்ஸ்அப் குழு தானாகவே அடங்கியது. வீட்டிலும் ஆலையிலும் இது முடிந்துவிட்டது என்ற எண்ணம் ஏற்பட்டது. “கவர்மென்டே நிறுத்திப்போட்டுது, இனி ஆஸ்பத்திரி எதுக்குங்க” என்று கேட்டு அவர் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்தினார். நல அலுவலகத்துடனான மாதச் சந்திப்பையும் நிறுத்தக் கேட்டார். கைமாற்றுகள் ஒழுங்காக அடைபட்டுக்கொண்டிருந்ததால் ஆலையின் நலக் குழு ஏற்றுக்கொண்டது.

2021இல் நீதிமன்றத் தீர்ப்பை எந்த இடத்தில் வைத்தாரோ, 2025இல் நாடாளுமன்றச் சட்டத்தையும் அதே இடத்தில் வைத்தார். சட்டம் அனுமதித்தபோது தன்னைக் கேட்டுக்கொள்ளத் தேவை இருக்கவில்லை, தடுத்தபோதும் இருக்கவில்லை. டெலிகிராம் தளமோ எப்போதும் அனுமதி பெற்றதில்லை. ஆகவே அதற்குத் தடையால் நேர்ந்தது ஒன்றுதான்: போட்டியாளர்கள் குறைந்தார்கள்.

2025 நவம்பர்: கணக்கு முடக்கம்

நவம்பர் சம்பள நாளில் அவருடைய ஏ.டி.எம். அட்டை பணம் தரவில்லை. வங்கியில் விசாரித்தபோது, வேறொரு மாநிலத்தில் பதிவான இணையக் குற்றப் புகார் ஒன்றின் பேரில் கணக்கு முழுவதும் முடக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். அக்டோபரில் டெலிகிராம் தளத்தில் ஜெயித்த 8,400 ரூபாயை ஏஜெண்டு அனுப்பியிருந்தார். அந்தப் பணம் வந்த கணக்கு வேறு யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம் புழங்கிய கணக்கு. புகார் தந்தவரின் பணம் போன வழியைத் தொடர்ந்த காவல்துறை, அது தொட்ட கணக்குகளை வரிசையாக முடக்கியது. அவற்றில் இவருடைய சம்பளக் கணக்கும் ஒன்று.

மனைவியிடம் சர்வர் கோளாறு என்றார். நல அலுவலகத்துக்கு வரவில்லை. இரண்டு பேரிடம் மறுபடி கைமாற்று வாங்கினார். ஏஜெண்டைக் கேட்டபோது, “புகார் கொடுத்தா நீதான் உள்ள போவே” என்று பதில் வந்தது. அந்தச் செய்தியைப் பின்னர் அவருடைய கைபேசியில் நானே படித்தேன். அதற்குக் கீழே அதே நாளில் 500 ரூபாய் இலவச போனஸ் அறிவிப்பும் இருந்தது. சங்கத் தவணை சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டதால் சங்கத்துக்கு எதுவும் தெரியவில்லை. நகைக்கடன் வட்டி கட்டப்படாமல் மனைவியின் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வந்த பிறகே விஷயம் வெளியானது. அடுத்த நாள் காலை மனைவி தனியாக வந்து, “இவரைப் புடிச்சுட்டுப் போயிருவாங்களாங்க சார்?” என்றுதான் முதலில் கேட்டார்.

இரண்டாம் கட்ட முடிவுகள்

அந்தக் கேள்விக்கு “ஒன்றும் ஆகாது” என்று பதில் சொல்லக்கூடாது என்பது முதல் முடிவு. தொழிற்சாலைத் தொழிலாளி என்ற முறையிலேயே இலவசச் சட்ட உதவிக்கு அவருக்கு உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. மாவட்ட ஆணைக்குழு ஒதுக்கிய வழக்கறிஞர் நிலையைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். மத்தியச் சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே அரசு கருதுகிறது. தமிழ்நாட்டின் சட்டத்தில் இணையச் சூதாட்டத்தில் ஈடுபடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. நடைமுறையில் காவல்துறை தேடுவது பணத்தின் பாதையை. ஆயினும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும்விட, ஒளிவதுதான் அவரை மோசடிக்காரரின் கூட்டாளிபோலத் தோன்றச் செய்யும். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பு.

அவர் இரண்டு நாள் யோசித்து ஒப்புக்கொண்டார். டெலிகிராம் உரையாடலின் திரைப்பிரதிகள், கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு ஆகியவற்றுடன் விளக்கக் கடிதம் அந்த மாநிலக் காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் அனுப்பப்பட்டது. கணக்கு முழுவதையும் முடக்காமல் சர்ச்சைக்குரிய 8,400 ரூபாயை மட்டும் நிறுத்திவைக்கும்படி அதில் கோரப்பட்டது.

சம்பளத்தை இனித் தன் கணக்குக்கே அனுப்ப வேண்டும் என்று மனைவி கேட்டார். நியாயமான கோரிக்கைபோலத் தோன்றினாலும் நிர்வாகம் அதை ஏற்கக்கூடாது என்று பரிந்துரைத்தேன். சம்பளம் தொழிலாளியுடையது, அவருடைய எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் அதை வேறொருவருக்குத் தருவது சட்டத்துக்கும் பொருந்தாது, அவருடைய மீட்சிக்கும் உதவாது. அவர் பெயரில் வேறு வங்கியில் புதிய கணக்கு தொடங்கி, அதில் யு.பி.ஐ. இணைக்காமல், சம்பள நாளன்றே வீட்டுச் செலவுக்கும் நகைக்கடனுக்கும் தானாகப் பணம் போகும்படி அவரே வங்கிக்கு எழுதிக் கொடுத்தார். கைச்செலவுக்கு வாரம் 700 ரூபாய் என்பதும் அவர் சொன்ன தொகையே.

விளைவு

விளக்கக் கடிதம் போய் ஏறக்குறைய ஏழு வாரத்தில் முடக்கம் 8,400 ரூபாய்க்கு மட்டுமாகக் குறைக்கப்பட்டது. காவல் நிலையத்திலிருந்து ஒருமுறை தொலைபேசியில் விசாரித்தார்கள், அழைப்பாணை வரவில்லை. டிசம்பரில் மருத்துவமனைக்குத் திரும்பினார். இம்முறை மனைவியும் உடன் போகிறார். மருந்தோடு ஆற்றுப்படுத்தலும் நடக்கிறது. நள்ளிரவில் தவிப்பு வந்தால் பேசுவதற்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416 அவருடைய கைபேசியின் முதல் தொடர்பாகப் பதியப்பட்டது. இருமுறை அழைத்ததாகச் சொன்னார்.

பொங்கலுக்கு மாமனார் வீட்டில் வழக்கம்போல் திண்ணையில் ரம்மி நடந்தது. புள்ளிக்கு ஐம்பது பைசா. “வாங்க மாப்ள, இது விளையாட்டுக்குத்தானே” என்று அழைத்தார்கள். அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார் என்று மனைவி சொன்னார். மறுக்கக் காரணம் சொல்ல வேண்டியிருந்ததுதான் அவருக்குச் சிரமமாக இருந்திருக்கிறது. குடிப்பதில்லை என்று சொன்னால் யாரும் வற்புறுத்தாத அதே உறவினர்களிடம், சீட்டாடுவதில்லை என்று சொன்னால் விளக்கம் தர வேண்டியிருக்கிறது.

ஜனவரி இறுதியில் மொத்தக் கடன் 4,38,000. கடன் செயலிகளில் மூன்று முடிந்துவிட்டன. புதிய பரிமாற்றம் எதுவும் கணக்கில் இல்லை. மருத்துவர் இதை மீட்சி என்று சொல்ல இன்னும் ஓர் ஆண்டாவது பார்க்க வேண்டும் என்கிறார்.

மாற்றப்பட்டவையும் மாற்ற வேண்டியவையும்

பெரிய செயலிகள் மூடப்பட்ட வாரங்களை ஆபத்தான காலமாகக் கொள்ள வேண்டும் என்பது நலக் குழுவின் புதிய நடைமுறை. சட்டம் எந்தப் பக்கம் மாறினாலும் மாதச் சந்திப்பு ஓராண்டுக்கு நிற்காது. வங்கி அறிக்கையைச் சேர்ந்து பார்ப்பதும் தொடரும். உச்ச நீதிமன்றம் வருங்காலத்தில் எந்தத் தீர்ப்பைத் தந்தாலும் இதற்கு மாற்றம் இல்லை.

தொழிலாளர்களுக்கான அறிவிப்புப் பலகையில் ஒரு பக்க விளக்கம் ஒட்டப்பட்டுள்ளது: எந்தச் சட்டம் யாரைத் தண்டிக்கிறது, கணக்கு முடங்கினால் முதல் நாளே யாரிடம் வரவேண்டும், இலவச வழக்கறிஞர் எங்கே கிடைப்பார், பணம் பறிபோனால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ உடனே அழைக்க வேண்டும் என்பவை அதில் உள்ளன. ஒட்டிய முதல் வாரத்தில் முடக்கப்பட்ட கணக்கோடு இன்னொரு பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். அவரும் பத்து நாளாக வீட்டில் சர்வர் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

வாட்ஸ்அப் குழு பற்றி நிர்வாகத்தின் நிலை இன்னும் தெளிவாகவில்லை. செயலி இல்லாததால், போட்டி நாட்களில் ஆளுக்கு 50 ரூபாய் வசூலித்து, ஜெயிப்பவருக்கு மொத்தத்தையும் கொடுக்கும் வழக்கம் இப்போது தொடங்கியிருக்கிறது. வசூலிப்பவர் ஒரு மேற்பார்வையாளர். சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் இது வரும் என்று நிர்வாகம் வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. அந்தக் கருத்துக்குக் காத்திருக்காமல், குழுவில் யார் யார் எவ்வளவு கைமாற்று வாங்கியிருக்கிறார்கள் என்பதைக் கேட்கத் தொடங்கும்படி நல அலுவலகம் எழுதியுள்ளது.

சங்கத்தின் கடன் விண்ணப்பத்தில் கடைசி மூன்று மாத வங்கி அறிக்கையை இணைக்கச் சொல்லும் திருத்தம் நிர்வாகக் குழுவின் முன் உள்ளது. அது உறுப்பினரின் அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் என்று இரண்டு இயக்குநர்கள் எதிர்க்கிறார்கள். அந்த எதிர்ப்பு நியாயமற்றது என்று சொல்ல முடியாது. ஜாமீன்தாரர் கேட்டால் மட்டும் அறிக்கை காட்டப்பட வேண்டும் என்ற மாற்று யோசனையை அந்த மூத்த ஃபிட்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த மகாசபையில் அது விவாதத்துக்கு வருகிறது.